ஆளைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்

சென்ற மாதம் தொழிற்பயிற்சி நிலையங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்த பயிற்றுநர்களாகிய உங்களிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது உங்களில் ஒருவர் வாசல்வரை கூடவே வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், நாம இங்க ஒண்ணு சொல்லிக்குடுக்கறோம். கம்பெனிக்குப் போனா அங்க வேற மாதிரி செய்யச் சொல்றாங்க. நம்ம பேச்சைக் கேட்டு நடந்து பசங்க திட்டு வாங்கினா நாம என்ன பண்றது?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "பிறகு பேசலாம்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்டவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. இதை அவருக்காகத்தான் எழுதுகிறேன். ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. பூங்கொடிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதில் பதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பணிக்காலம் முழுவதும் நான் எலக்ட்ரீசியன் டிரேடில் இருந்தேன். பாடத்திட்டத்தில் இருப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரியாக மட்டும் இருந்த ஒன்றை நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பழக்கிவந்தேன். என் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சிவப்பு அட்டை ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் அட்டையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். திரும்ப மின்சாரம் போடும் ஆள், அட்டையில் பெயர் உள்ளவரை நேரில் பார்த்த பிறகுதான் போட வேண்டும். எங்கிருந்தோ "போடலாம்" என்று குரல் வந்தால் போதாது.

இதை எனக்குப் பழக்கியவர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து வகுப்பில் இருந்த மூத்த பயிற்றுநர். நான் காரணம் கேட்டபோது, "சத்தம் சுவத்துல பட்டு எங்கிருந்து வேணா வரும்மா. மொகம் ஒரு எடத்துலதான் இருக்கும்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

பெண்களுக்கு வயது வரம்பு இல்லை என்பதால் நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் அவ்வப்போது வயதில் மூத்த பெண்கள் வந்து சேர்வதுண்டு. அப்படி வந்தவர்தான் பூங்கொடி. முப்பதைத் தாண்டியவர். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குடும்பம். இரண்டு குழந்தைகள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தார். சேர்க்கையின்போது, நெசவை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறார் என்று யாரோ கேட்டார்கள்.

"விட்டுட்டெல்லாம் வரல சார். தறி பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது. அதப் பாத்துக்க அவரும் எங்க மாமியாரும் இருக்காங்க. தறி மேல டிசைனுக்கு இருக்கற ஜக்கார்டு பெட்டியத் தூக்க மோட்டார் வெச்சாங்க இல்ல, அன்னைக்கு வந்த கரண்டுக்காரர் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தேன். அதுலருந்து எனக்கு இது மேலதான் ஆசை" என்றார்.

வகுப்பில் இருந்த மற்ற எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். முதல் வாரம் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். ஏனாத்தூரிலிருந்து வந்த நவீன் என்ற பையன்தான் முதலில் "அக்கா" என்று ஆரம்பித்தான். பிறகு எல்லோருக்கும் அவர் அக்காவாகிவிட்டார். நவீனின் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பையன் ஒரு நல்ல கம்பெனியில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொடிக்குப் படத்தைப் பார்த்து ஒயரிங் செய்வது சட்டென்று வந்துவிட்டது. கணக்கு வரவில்லை. அதை நவீன் சொல்லிக்கொடுத்தான். மதிய இடைவேளையில் இருவரும் சோற்றுப் பாத்திரத்தை நகர்த்திவைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் மாணவர்களை ஒரகடம் பக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். அந்தத் தொழிற்சாலை எங்களோடு ஒப்பந்தம் போட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் பலரை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் முதல்வர் அந்த ஒப்பந்தத்துக்காக நடையாய் நடந்தவர்.

சம்பவம் நடந்தது பங்குனி உத்திரத்துக்குச் சில நாட்கள் முன்பு. பூங்கொடியும் சூப்பர்வைசர் தணிகைவேலும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்ததால் எனக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

உதிரிபாகங்களை எடுத்துச் செல்லும் நீளமான கன்வேயர் ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கம்பெனி ஊழியர். மற்றவர் முருகன் என்ற ஒப்பந்தத் தொழிலாளி. இருவரும் மெயின் சுவிட்ச் இருக்கும் பேனலில் தங்கள் அட்டைகளை மாட்டியிருந்தார்கள். வேலை முடிந்தது. கம்பெனி ஊழியர் வந்து தன் அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். முருகனின் அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் பார்த்துக்கொள்ளப் பேனல் அருகே நிறுத்தப்பட்டிருந்தவர் பூங்கொடி. கன்வேயரின் மறுமுனை அங்கிருந்து தெரியாது. நடுவில் பெரிய இயந்திரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன.

தணிகைவேல் வந்தார். "எல்லாம் முடிஞ்சுது. போடும்மா" என்றார்.

"முருகன்னு ஒருத்தர் அட்டை இருக்குது சார். அவர் எங்க?"

"அவன் கேன்டீனுக்குப் போயிட்டான். கழட்டிட்டுப் போடு."

"ஆளப் பாத்துட்டுப் போடறேன் சார்."

"நான்தான் சொல்றேனே. பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"ஒரு தடவ கூப்புடுங்க சார். வந்து நிக்கட்டும். ஒடனே போட்டுடறேன்."

தணிகைவேல் முருகனின் போனுக்கு அடித்துப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. இதற்குள் உற்பத்திப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏற்றுமதிக்கு லாரி காத்திருக்கிறது, ஏன் இன்னும் போடவில்லை என்று சத்தம் போட்டார்கள். தணிகைவேல் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். பூங்கொடி நகரவில்லை. அட்டைமீது வைத்த கையை எடுக்கவும் இல்லை. ஒரு பெண்ணின் கையைப் பிடித்து விலக்கிவிட்டு எப்படிப் போடுவது என்று தணிகைவேலுக்குத் தயக்கம். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலை பெரியது, கேன்டீன் அதன் மறுகோடியில் இருந்தது. வாக்குவாதம் அடங்கி, ஒருவர் ஓடிப்போய் முருகனைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவதற்குள் மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

முருகன் கேன்டீனில்தான் இருந்தார். தணிகைவேல் சொன்னது சரி. முருகன் வந்து அட்டையைக் கழற்றினார். பூங்கொடி சுவிட்சைப் போட்டார். கன்வேயர் ஓடியது. உள்ளே யாரும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். உள்ளே ஒருவர் இருந்திருந்தால் பூங்கொடிக்கு மாலை போட்டுப் படம் எடுத்திருப்பார்கள். நமக்கும் வேலை சுலபம். யாரும் இல்லாதபோதுதான் நம் மாணவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது தெரியவரும்.

அன்று மாலையே தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவு மேலாளர் எங்கள் முதல்வருக்குப் போன் செய்தார். சூப்பர்வைசர் சொல்லியும் கேட்காமல், தேவையில்லாமல் உற்பத்தியை நிறுத்திவிட்டார் உங்கள் மாணவி என்றார். நாளை வந்து எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கட்டும், அதோடு விட்டுவிடுவோம், இல்லையென்றால் மொத்தப் பயிற்சியையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. கவலை முகத்தில் தெரிந்தது. "ஒரு சாரி தானே மேடம். சொல்லச் சொல்லிடுங்க. மத்த பசங்க பொழப்பு இதுல இருக்கு" என்றார்.

மறுநாள் காலை பையன்கள் தொழிற்சாலைக்குப் போகும் வண்டிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பூங்கொடி சற்றுத் தள்ளித் தனியாக நின்றார். யாரும் அவரோடு பேசவில்லை. நவீன் மட்டும் பக்கத்தில் போனான்.

"அக்கா, நீ பண்ணது தப்புன்னு சொல்லல. ஒரு சாரி சொல்லிடேன்கா. எங்க வீட்ல இந்த வேலைய நம்பிக்கினு இருக்காங்க."

"எனக்குத் தெரியும்பா. சொல்றேன்" என்றார் பூங்கொடி.

நவீன் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

பூங்கொடியும் நானும் அந்த வண்டியில் போகவில்லை. பேருந்தில் போனோம். வாலாஜாபாத் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், சாரி சொல்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. லைன் நின்னுது, அவுங்களுக்கெல்லாம் கஷ்டம். அதுக்கு மனசாரவே சாரி சொல்லுவேன். ஆனா இனிமே சொன்னா போடுவியான்னு கேட்டாங்கன்னா இன்னா சொல்றது?"

"கேட்கமாட்டாங்கம்மா."

"கேட்டா?"

போடுவேன் என்று வாயளவில் சொல்லிவிட்டுப் பிறகு சமயத்துக்குத் தகுந்தபடி பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அனுபவசாலிகள் பலர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை எல்லோர் முன்னிலையிலும் "போட்டுவிடுவேன்" என்று சொன்னவருக்கு, அடுத்த தடவை கையை நிறுத்த இரண்டு மடங்கு தைரியம் வேண்டியிருக்கும். நான் அவரிடம் அந்தத் தைரியத்தைக் கேட்கலாமா? இத்தனைக்கும் முதல் தடவைக்கு வேண்டிய தைரியத்தை அவர் காட்டிவிட்டாரே.

"கேட்டா உண்மைய சொல்லு. அதுக்கு மேல வர்றத நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொன்ன பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரகடத்தில் இறங்கியதும் புடவையை நீவிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மேலாளரின் அறையில் தணிகைவேலும் இருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேரை வரவழைத்திருந்தார்கள். மேலாளர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அவருடைய போன் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. லாரி தாமதமானதற்கு அவருக்கும் மேலிடத்தில் நல்ல அர்ச்சனை கிடைத்திருக்கிறது என்பது பேச்சில் தெரிந்தது.

"உள்ள யாரும் இல்ல. முருகன் கேன்டீன்ல இருந்தான். தணிகைவேல் அதச் சொல்லியும் இவங்க போடல. இதுல நான் ஏதாவது தப்பா சொல்றேனாம்மா?" என்று பூங்கொடியிடம் கேட்டார்.

"இல்ல சார். அதான் நடந்துச்சு."

"சரி. ஒரு சாரி சொல்லிட்டு வேலையப் பாருங்க."

பூங்கொடி எழுந்து நின்றார். "லைன் நின்னதுக்கு சாரி சார். உங்க எல்லாருக்கும் கஷ்டமாப் போச்சு. தணிகைவேல் சார், உங்ககிட்டயும் சாரி. அத்தன பேர் முன்னாடி உங்கள நிக்க வெச்சுட்டேன்."

தணிகைவேல் தரையைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். மேலாளரும் தலையசைத்துவிட்டுப் போனை எடுத்தார். எடுத்தவர், போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார். "இனிமே இப்படி ஆகாதில்ல? சூப்பர்வைசர் சொன்னா போட்டுடுவீங்கல்ல?"

பூங்கொடி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆளப் பாத்துட்டுப் போடுவேன் சார்."

மேலாளர் போனைக் கீழே வைத்தார். "அப்போ இப்ப சொன்ன சாரிக்கு என்னம்மா அர்த்தம்?"

இனி நான்தான் பேச வேண்டும்.

"சார், பேனல்ல அட்டை இருந்தா ஆளப் பாக்காம போடக்கூடாதுன்னு பழக்கினது நான். அது தப்புன்னா அவங்க சாரி சொல்லக்கூடாது, நான்தான் சொல்லணும்" என்றேன்.

"பழக்கம் சரி மேடம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆள் போயிட்டான்னு சூப்பர்வைசரே சொல்றாரே."

தணிகைவேல் குறுக்கிட்டார். "நான் கண்ணால பாத்தேன் மேடம், அவன் கேன்டீன் பக்கம் போறத."

"பாத்தீங்க, சரி. அது எப்போ சார்?" என்று கேட்டேன். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பிரேக் விட்டதும்."

"அதுக்கப்புறம் திரும்பி வரலன்னு தெரியுமா?"

தணிகைவேல் மேலாளரைப் பார்த்தார். பிறகு, "அது பாக்கல மேடம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவருக்கு நேர் மேலே இருக்கும் மேலாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். "வரவில்லை, நிச்சயம்" என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் உள்ளதைச் சொன்னார்.

மேலாளர் விடவில்லை. "ஆனா வரலயே மேடம். கடைசில அவன் அங்கதான இருந்தான்."

"ஆமா சார். தணிகைவேல் சொன்னதுதான் சரி. ஆனா அது சரின்னு நமக்கு எப்பத் தெரிஞ்சுது? ஆள் நேர்ல வந்த பிறகுதான். சுவிட்ச் பக்கத்துல நிக்கறவங்களுக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சாகணும்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"மத்த பசங்களும் இப்படித்தானா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பேனல்கிட்ட நின்னுக்கிட்டு இதையே சொல்லுவானா?"

நவீனின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. "இல்லை சார், இவங்க கொஞ்சம் பயந்த சுபாவம், பசங்க அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டால் மொத்த வகுப்பும் பிழைத்துக்கொள்ளும். அது நாக்கின் நுனிவரை வந்தது. கேட்க நல்லதாகவும், கருணையாகவும்கூட இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், பூங்கொடி செய்தது அவருடைய தனிப்பட்ட பயம் என்று நானே முத்திரை குத்தியதாகிவிடும். அத்தோடு, கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வகையான பையன்களைக் காட்டிவிட்டு வேறு வகையான பையன்களை அனுப்பியதாகவும் ஆகும்.

"ஆமா சார். அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லலன்னா நான் சரியா சொல்லிக்குடுக்கலன்னு அர்த்தம். வேணாம்னா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டு, மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேலாளரின் போன் அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. கடைசியில், "பசங்க இருக்கட்டும். இவங்களை மட்டும் வேற எங்கயாவது பாருங்க மேடம். இவங்க என் லைன்ல நின்னா எல்லாருக்கும் நேத்து நடந்ததுதான் ஞாபகம் வரும். நானும் ஆளுங்களைக் கட்டி மேய்க்கணும்ல" என்றார்.

வாதாட வாய் திறந்தேன். பூங்கொடி என் முழங்கையைத் தொட்டார். "வாங்க மேடம், போலாம்" என்றார்.

வாசலுக்கு வரும்போது தணிகைவேல் பின்னாலேயே வந்தார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் வெயில்ல நடக்காதீங்க, வண்டி சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில்தான் பூங்கொடி அழுதார். சத்தமில்லாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார். "கம்பெனிக்குப் போறேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன் மேடம். எங்க மாமியார் பால்காரர்கிட்டகூடச் சொல்லியாச்சு. இப்ப வீட்ல போய் இன்னா சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கினு இருக்கேன்" என்றார். நீ செய்தது சரிதான் என்று நான் சொன்னேன். சரி என்பது அவருக்கும் தெரியும். அன்றைக்கு அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அதனால் நானும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. பிள்ளையார்பாளையம் வரை கூடப் போனேன். அவருடைய மாமியாரிடம், இவரை வேறு ஒரு இடத்துக்கு மாற்றுகிறோம், தவறு எதுவும் இவர் பக்கம் இல்லை என்று நானே சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தாளுக்கு ஒண்ணும் ஆகல இல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ சரி, சாப்டுட்டுப் போங்க" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் நான் ஏறாத படி இல்லை. கடைசியில் ஒரு மருத்துவமனையின் மின்பிரிவில் இடம் கேட்டேன். நடந்ததை மறைக்காமல் அங்கிருந்த பொறியாளரிடம் சொன்னேன். இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "பாக்கலாம் மேடம், அனுப்புங்க" என்றார். பூங்கொடி அங்கே பயிற்சியை முடித்தார், தேர்வில் தேறினார், அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார்.

நவீனைத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார்கள். முதல் மாதம் ஊதியம் வாங்கியதும் இனிப்பு வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். பூங்கொடிக்கும் தனியாக ஒரு பொட்டலம் வைத்திருந்தான். "அக்காவ மொதல்ல பாத்துட்டு வரலாம்னு போனேன் மேடம். டூட்டில இருந்தாங்க. வெளிய வர்ற வரைக்கும் நின்னு குடுத்துட்டு வந்தேன்" என்றான். தணிகைவேல் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாருக்கார். இப்பல்லாம் பேனல்ல அட்டை இருந்தா அவரே நடந்து போயி ஆளக் கூட்டிக்கினு வந்துடறாரு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. அவர் பாட்டுக்குப் போவாரு, வருவாரு" என்றான்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இவ்வளவுதான். நம் பிள்ளைகள் நாம் சொன்னபடி நடந்து திட்டு வாங்கினால், அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். அவர்களோடு பேருந்தில் ஏறிப் போங்கள். அந்த அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். அங்கே நீங்கள் வெற்றி பெறாமலும் போகலாம். நானும் வெற்றி பெற்றேன் என்று சொல்ல முடியாது. பூங்கொடி ஆசைப்பட்ட இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வகுப்பில் நான் சொன்னது வகுப்புக்கு வெளியிலும் என்னுடைய சொல்தான் என்று அவருக்குத் தெரிந்தது. பயிற்றுநர் வேலையில் அதைவிடப் பெரிதாக நாம் கொடுக்கக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சேர்க்கைக் காலம். ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் தன் மகளைச் சேர்ப்பது பற்றி விசாரிக்க வந்தார். பெண் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், எந்த டிரேடு நல்லது என்று கேட்டார். பேச்சுவாக்கில் தான் ஒரகடத்தில் ஒப்பந்த வேலை செய்வதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இங்க படிச்ச ஒரு பொண்ணு எங்க கம்பெனிக்கு வந்துதும்மா. என்னால அதுக்கு வேல போச்சு. அது இப்ப எங்க இருக்குதுன்னு தெரியுமா?" என்றார்.

அவர்தான் முருகன்.

அன்று பூங்கொடியும் அங்கேதான் இருந்தார். சான்றிதழில் பெயர் தப்பாக அச்சாகியிருந்ததைத் திருத்துவதற்காக அலுவலகத்தில் காத்துக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்தவரை முருகன் அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கம்மா. அட்டைய கழட்டிட்டுப் போயிருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. வடை சூடா போட்டுக்கினு இருக்காங்கன்னு எவனோ சொன்னான். அப்படியே போயிட்டேன். போன வேற கழட்டி வெச்ச சட்டைலயே வுட்டுட்டேன்."

பூங்கொடி சிரித்துவிட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அப்போ உங்க பேருதான் எனக்குத் தெரியும். மொகம் தெரியாது. அந்த முக்கா மணி நேரமும் உள்ள ஒருத்தர் குனிஞ்சு வேல செஞ்சுக்கினு இருக்கற மாதிரியே எனக்குத் தோணிக்கினு இருந்துது. எல்லாரும் கத்தறாங்க, எனக்கு ஒண்ணும் காதுல விழல. அப்போ ஒருத்தர் முன்னாடி ஓடியாந்து, அந்தாளு வடை துன்னுக்கினு இருந்தான், பின்னால வரான்னு சொன்னாரு பாருங்க. அப்பதான் எனக்கு மூச்சே வந்துது. வேல போச்சுன்னு அழுதேன், இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க கேன்டீன்ல இருந்ததுக்கு நான் அழலண்ணா."

"எனக்காக ஒரு பொண்ணு திட்டு வாங்கிச்சுன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கினு இருந்தேன். எனக்காக ஒருத்தர் பயந்தாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் முருகன்.

பூங்கொடி என் மேஜைமேல் இருந்த சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணு பேரு இன்னாண்ணா?" என்று கேட்டார்.